மாப்ளைக்கு எடை கூடுது

ரெண்டு மாசமா கடையைத் திறக்கவே இல்லை. "என்னாச்சு, ஆளையே காணோம்"னு மெயில் போட்டு விசாரிச்ச நண்பர்கள் எல்லாருக்கும் நன்றி. நல்லாத்தான் இருக்கேன். வழக்கமா இங்க எழுதற பஸ் பயணம், சினிமா, மொக்கை எதுவும் இன்னைக்குக் கிடையாது. கொஞ்சம் சீரியஸ், கொஞ்சம் நீளம். டீ ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

விஷயம் எங்க அக்கா பையனைப் பத்தி. ஒன்பது வயசு. நான் தாய்மாமன், அதனால அவன் எனக்கு மாப்ள. பொறந்ததுலேர்ந்தே ஒரு பரம்பரைக் குறைபாடு. பேரு கோஷே நோய். 1882ல இதை முதன்முதல்ல எழுதி வெச்ச ஃபிலிப் கோஷேங்கிற பிரெஞ்சு டாக்டரோட பேர். எங்க ஏலாக்குறிச்சியில இதைச் சரியாச் சொல்ற ஆள் இன்னும் பொறக்கலை. "கோச்சர் வியாதி", "கோச்சு வியாதி"ன்னு ஆளுக்கொரு பேர். எங்க பெரியம்மா "ரயில் பொட்டி வியாதி"ங்கிறாங்க :)

வியாதி என்னன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நம்ம உடம்புல பழைய ரத்த செல்லெல்லாம் தினம் செத்துக்கிட்டே இருக்கு. அதைத் தின்னு செரிக்கறதுக்குன்னே மேக்ரோஃபேஜ்னு துப்புரவு செல்கள் இருக்கு. அந்தக் கழிவுல ஒரு வகைக் கொழுப்பை உடைக்க ஒரு என்சைம் வேணும். மாப்ளைக்கு அந்த என்சைம் கிட்டத்தட்ட இல்லை. தின்னது செரிக்காம துப்புரவு செல்லெல்லாம் வீங்கிப் போயி மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜைன்னு கண்ட இடத்துல போய் அடைச்சுக்கும். மண்ணீரல் வீங்கினா வயிறு பானை மாதிரி முன்னாடி தள்ளும், அது ஊருக்கே தெரியும். எலும்புக்குள்ள நடக்கறது யாருக்கும் தெரியாது. மஜ்ஜை அடைச்சு, எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு, உள்ளுக்குள்ள எலும்பு செத்துப் போகும். இடுப்பு மூட்டுல அது நடந்தா நடக்கவே முடியாது.

மூணு வயசுலேர்ந்தே வயிறு பெருசாத்தான் இருந்துது. "மண்ணு தின்னிருப்பான்"னாங்க. பூச்சி மருந்து கொடுத்தோம். அடிக்கடி மூக்குல ரத்தம் வந்துது. "சூடு"ன்னாங்க. ராத்திரி தொடை வலிக்குதுன்னு அழுவான். "வளர்ற பையன், அப்படித்தான் வலிக்கும்"னு ஒரு டாக்டர், "சுண்ணாம்புச் சத்து கம்மி"ன்னு இன்னொருத்தர். (ஊரும் பேரும் வேண்டாம், விடுங்க.) சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை. சுத்தி சிமெண்ட் ஃபேக்டரி, பூமியைத் தோண்டினா சுண்ணாம்புக்கல், கல்லமேட்டுல டைனோசர் எலும்பே கிடைச்ச மாவட்டம் அரியலூர். அந்த மாவட்டத்துல எங்க பையனுக்கு மட்டும் சுண்ணாம்பு பத்தலையாம்!

கால்சியம் டானிக்கா குடிச்சுத் தீர்த்தான். அப்புறம் ஒரு நாள் தொடையைத் தொட விடாம கத்தினான். ஜுரம் வேற. எலும்புல சீழ் வெச்சிருக்குமோ, ரத்தப் புற்றுநோயா இருக்குமோன்னு ஊர் ஊரா அலைஞ்சு, கடைசியில தஞ்சாவூர்ல ஒரு இளம் டாக்டரம்மா தான் வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, "எதுக்கும் ஒரு என்சைம் டெஸ்ட் பாத்துருவோம்"னாங்க. கொஞ்சம் ரத்தம் எடுத்து அனுப்பினாங்க. அவ்வளவுதான். நாலு வருஷ அலைச்சலுக்குப் பதில் அந்த ஒரு டெஸ்ட்ல கிடைச்சுது. அந்தம்மா எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

இதுக்கு மருந்து இருக்கு. இல்லாத என்சைமை வெளியில தயார் பண்ணி ட்ரிப்ஸ்ல ஏத்தறது. இது வந்த கதையே ஒரு தனிப் பதிவு போடலாம். இந்த என்சைம் குறையறதாலதான் வியாதி வருதுன்னு 1960கள்ல அமெரிக்காவுல ராஸ்கோ பிரேடிங்கிறவரோட குழு கண்டுபிடிச்சுது. அதுக்கப்புறம் மருந்து வர 1991 ஆயிடுச்சு. முதல்ல அதை எதுலேர்ந்து எடுத்தாங்க தெரியுமா? பிரசவம் முடிஞ்சதும் தூக்கி எறியற நஞ்சுக்கொடியிலேர்ந்து! ஒரே ஒரு நோயாளிக்கு ஒரு வருஷ மருந்து வேணும்னா ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடி சேர்க்கணும். 1994ல மரபணு மாத்தின வெள்ளெலி செல்லை வளர்த்து அதுலேர்ந்து எடுக்கற வழி வந்துது. இமிகுளுசெரேஸ்னு பேர். மாப்ளைக்கு ஏத்தறது அதுதான்.

குப்பியில வெள்ளைப் பொடியா இருக்கும். ஒரு குப்பிக்கு 400 யூனிட். ஃபிரிட்ஜ்லதான் வெக்கணும். தண்ணி விட்டுக் கரைக்கும்போது நர்ஸக்கா குப்பியைக் குலுக்கவே மாட்டாங்க, பச்சைக் குழந்தையைத் திருப்பற மாதிரி மெதுவா உருட்டுவாங்க. குலுக்கினா என்சைம் கெட்டுடும். அப்புறம் சலைன்ல கலந்து ரெண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டா இறங்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அரியலூர்ல ராத்திரி ரயிலேறி, காலையில சென்னை, வென்ஃப்ளான் குத்தி ட்ரிப்ஸ், சாயங்காலம் திரும்ப ரயில். மாமாவுக்கு (அக்கா வீட்டுக்காரர்) லீவு கிடைக்காது. அதனால அக்காவும் நானும்தான். மாப்ள இப்பல்லாம் ஊசிக்கு அழறதில்லை. "மாமா, இந்தக் கை போன தடவை, இன்னைக்கு அந்தக் கை"ன்னு அவனே நீட்டறான்.

பலன்? கண்கூடாத் தெரியுது. ஆரம்பிச்சது போன ஆவணி. வயிறு கரைஞ்சிருக்கு. டவுசர் நிக்க மாட்டேங்குது, அரைஞாண்கயிறு போட்டுக் கட்டறோம். ரத்தத்துல தட்டணுக்கள் ஏறியிருக்கு, மூக்குல ரத்தம் வந்து மாசக்கணக்காச்சு. எலும்புதான் மெதுவா. "எலும்புக்குப் பலன் கடைசியாத்தான் தெரியும், பொறுமை"ன்னு டாக்டர் சொல்றார். ஆனா ராத்திரி அழுகை நின்னுடுச்சு. எங்க வீட்டுல எல்லாரும் முழு ராத்திரி தூங்கறோம்.

இப்போதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

இந்த மருந்து ஆளுக்கு இவ்வளவுன்னு கிடையாது. எடைக்கு இவ்வளவு. மாப்ளைக்கு டாக்டர் எழுதியிருக்கறது ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 60 யூனிட். ஆரம்பிக்கும்போது 16 கிலோ, அதாவது 960 யூனிட், ரெண்டரைக் குப்பி கிட்ட. அரைக் குப்பியைத் திறந்து மிச்சம் வெக்க முடியாது. அதனால ஒரு தடவை ரெண்டு, அடுத்த தடவை மூணுன்னு போச்சு. இப்போ பதினெட்டரைக் கிலோ. 1110 யூனிட். அதனால ஒவ்வொரு தடவையும் மூணு. வருஷத்துக்கு 26 தடவைன்னு போட்டா 65 குப்பி இருந்த இடத்துல 78 குப்பி. ரெண்டரைக் கிலோ கூடினதுக்கு வருஷத்துக்கு 13 குப்பி அதிகம்!

வளர்ந்து 50 கிலோ ஆனான்னா 3000 யூனிட். எத்தனைக் குப்பின்னு கணக்குப் போட்டேன். ஏழரை. பேரே சரியில்லை பாருங்க.

இதுக்கெல்லாம் காசு எங்கேர்ந்து வருதுன்னு கேப்பீங்க. எங்ககிட்ட இருக்கற நிலம், நகை, ரெண்டு மாடு எல்லாத்தையும் வித்தாலும் சில மாசம் தாங்காது. 2021 மார்ச்ல மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கைன்னு ஒண்ணு கொண்டு வந்துது. அதுல நோய்களை மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரே தடவை சிகிச்சையில தீர்றது முதல் பிரிவு. எங்களுது மூணாவது: மருந்து உண்டு, ஆனா ரொம்ப விலை, ஆயுசுக்கும் வேணும். முதல்ல இந்த மூணாவது பிரிவுக்குக் காசு ஒதுக்கவே இல்லை, ஜனங்ககிட்ட இணையத்துல நன்கொடை திரட்டிக்கலாம்னு விட்டுட்டாங்க. 2022 மே மாசம்தான் எந்தப் பிரிவா இருந்தாலும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரைன்னு மாத்தினாங்க. அதை அங்கீகாரம் பெற்ற சிறப்பு மையங்கள் மூலமாத்தான் வாங்க முடியும். தமிழ்நாட்டுல எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அப்படி ஒரு மையம்.

ஐம்பது லட்சம்! எங்க தெருவுல அந்தத் தொகையைச் சேர்த்துப் பாத்தவன் ஒருத்தன் கிடையாது. அந்த உதவி வராம இருந்திருந்தா இந்தப் பதிவே வேற மாதிரி இருந்திருக்கும். அதை மறக்கலை. ஆனா மாசம் அஞ்சு லட்சம் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க, பத்தே மாசத்துல தீந்துடும். வியாதி ஆயுசுக்கும், காசு ஒரு தடவை.

அக்கா ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதிக்கிட்டே வருது. தேதி, எடை, எத்தனைக் குப்பி, மிச்சம். அந்த 'மிச்சம்' பத்தி இறங்க இறங்க 'எடை' பத்தி ஏறுது. போன மாசம் எடை மெஷின்ல ஏறும்போது பாத்தேன். அக்கா குனிஞ்சு அவன் செருப்பைக் கழட்டிச்சு, அப்புறம் பெல்ட்டு, அப்புறம் சட்டை. சட்டைப் பையில கோலிக்குண்டு மூணு இருந்துது, அதையும் எடுத்துச்சு. நர்ஸக்கா பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் சொல்லலை. டாக்டர்தான் வெளியில வந்து, "ஏம்மா, இவன் எடை ஏறலைன்னா தான் நான் கவலைப்படணும். ஏறட்டும்"னார். அக்கா, "தெரியும் சார், கையி தானாப் போவுது"ன்னுச்சு.

மருந்தைக் குறைச்சுப் போடணும்னு அக்காவுக்கு ஆசை இல்லீங்க. சோறு ஊட்டும்போது இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு கெஞ்சறதும் அதே கைதான். புள்ள வளரணும்னு மருந்து போடறோம். புள்ள வளர்ந்தா மருந்து சீக்கிரம் தீருது. எந்தத் தாய்க்கும் தன் பையன் ஒரு கிலோ ஏறினதைப் பாத்து வயித்துல புளி கரையக் கூடாது. நான் இவ்வளவு நீளமா எழுதறது இந்த ஒரு வரிக்காகத்தான்.

நாங்க மட்டும் இல்லை. 2014 ஏப்ரல்ல டெல்லி உயர் நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு. ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியோட ஏழு வயசுப் பையன், இதே கோஷே நோய். கூடப் பொறந்ததுங்களை இதே வியாதிக்குப் பறிகொடுத்த வீடு. நீதிபதி மன்மோகன், ஏழைங்கிற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சையை மறுக்க முடியாதுன்னு சொல்லி, எய்ம்ஸ்ல இலவசமா மருந்து கொடுக்க டெல்லி அரசுக்கு உத்தரவு போட்டார். 2024 அக்டோபர்ல அதே நீதிமன்றம், அரிய நோய்களுக்குத் தனியா ஒரு தேசிய நிதி வேணும்னு சொல்லிச்சு. சென்னை உயர் நீதிமன்றத்துலயும் வழக்குகள் நடந்திருக்கு. ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாடியும் யாரோ ஒரு அப்பா கோர்ட் வாசல்ல நின்னுருக்கார்.

எடைக்கு எடை மருந்துங்கிறது கோஷேக்கு மட்டும் இல்லை. ஹைப்போஃபாஸ்ஃபட்டேசியான்னு ஒண்ணு, 1948ல கனடாவுல ராத்பன்னு ஒரு குழந்தை டாக்டர் பேர் வெச்சது. அது முக்கியமா எலும்பு வியாதி. எலும்புல தாது படிய உதவற என்சைம் குறைஞ்சு, எலும்பு இறுகாம வளையும், முறியும். அதுக்கு 2015ல அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபான்னு மருந்து வந்துது. அந்த என்சைமோட ஒரு வாலை ஒட்ட வெச்சிருக்காங்க, அந்த வால் எலும்பைத் தேடிப் போய் ஒட்டிக்குமாம். வீட்டுலயே தோலுக்கடியில போட்டுக்கலாம். ஆனா வாரத்துக்கு மூணு தடவை, இல்லேன்னா ஆறு தடவை. அதுவும் கிலோ கணக்குதான், வாரத்துக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம். உலகத்துல எந்த மூலையிலயோ ஒரு அம்மா அந்த ஊசியோட உக்காந்து இதே கணக்கைப் போட்டுக்கிட்டு இருப்பாங்க.

எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லவா? வீரமாமுனிவர் இங்க இருந்த காலத்துல அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை வந்து எந்த வைத்தியத்துக்கும் கேக்கலை, முனிவர் பச்சிலை வெச்சுக் குணமாக்கினார், ராஜா சந்தோஷத்துல நிலம் எழுதிக் கொடுத்தார்னு சொல்லுவாங்க. மாதா கோயில் திருவிழாவுக்கு வர்ற எல்லா மதத்துக்காரங்களுக்கும் இந்தக் கதை தெரியும். மாப்ள அதைக் கேட்டுட்டு, "மாமா, நமக்குக் குணமானா நாம என்ன குடுக்கணும்"னான். நோட்டை மூடி வெச்சுட்டு, "நீ பத்தாவது பாஸ் பண்ணிக் குடு போதும்"னேன்.

நம்பிக்கையா ஒண்ணு இருக்கு. கோஷேக்கு எலிகுளுஸ்டாட்னு ஒரு மாத்திரை. அது என்சைமை ஈடுகட்டாது, அந்தக் கொழுப்பு உற்பத்தி ஆகறதையே குறைக்கும். வெளிநாட்டு மருந்தா வருஷத்துக்கு 1.8 கோடியிலேர்ந்து 3.6 கோடி வரை ஆனது, நம்ம நாட்டுலயே தயாரிக்க ஆரம்பிச்சதுல 3லேர்ந்து 6 லட்சத்துக்கு இறங்கிடும்னு 2023 நவம்பர்ல மத்திய அரசு அறிவிச்சுது. கோடியில இருந்தது லட்சத்துக்கு வர முடியும்னா, குப்பியும் ஒரு நாள் இறங்காமயா போகும்? ஆனா 2014ல அமெரிக்காவுல அந்த மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது பெரியவங்களுக்குத்தான். மாப்ளையை அதுக்குக் கொண்டு போய்ச் சேர்க்க இன்னும் ஒன்பது வருஷம். அது வரைக்கும் குப்பிதான் பாலம். கொள்ளிடத்துல பாதி வரைக்கும் மட்டும் பாலம் கட்டி விட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் நிக்கறோம்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் வீட்டு விவகாரம். இந்தக் குறை மரபணு அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாதான் வியாதி. ஒருத்தர்கிட்ட மட்டும்னா ஒண்ணும் பண்ணாது, சத்தமில்லாம அடுத்த தலைமுறைக்குப் போகும். சொந்தமே இல்லாத ரெண்டு பேருக்கும் இது அமையலாம், ஆனா சொந்தத்துல கட்டினா வாய்ப்பு கூடும். அக்கா கட்டிக்கிட்டது எங்க அத்தை மகனை. இப்போ எனக்கு மாமாவோட தங்கச்சியைக் கட்டி வெக்கணும்னு ரெண்டு வீட்டுலயும் பேச்சு. நல்ல பொண்ணு, சின்ன வயசுலேர்ந்து தெரியும். கணக்குப் போட்டேன். எனக்கு இருக்க ரெண்டுல ஒண்ணு, அவங்களுக்கு இருக்க ரெண்டுல ஒண்ணு, ரெண்டு பேருக்கும் இருந்தா புள்ளைக்கு வர நாலுல ஒண்ணு. பெருக்கினா பதினாறுல ஒண்ணு. "முதல்ல ரெண்டு பேரும் ரத்த டெஸ்ட் எடுத்துக்கறோம்"னு சொன்னேன். அப்பா ஒரு வாரம் பேசலை. "குலத்தையே சந்தேகப்படறான்"னு அத்தைக்கு வருத்தம். அந்தப் பொண்ணுதான் அக்காவுக்கு போன் போட்டு, "அண்ணி, டெஸ்ட் எங்க எடுக்கணும்னு கேட்டுச் சொல்லுங்க"ன்னுச்சு. ரிசல்ட் இன்னும் வரலை. (கல்யாணச் சாப்பாடு எப்போன்னு பின்னூட்டத்துல கும்மியடிக்காதீங்க மக்கா!)

படிக்கறவங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது கொஞ்சம்தான். சின்னப் புள்ளைக்கு வயிறு பெருத்துக்கிட்டே போகுது, ரத்தம் குறையுது, தட்டணுக்கள் குறையுது, ராத்திரி எலும்பு வலின்னு அழுவுது, வளர்த்தி இல்லை. இதெல்லாம் சேர்ந்து இருந்தா பூச்சி மருந்தோட நிறுத்தாம, "என்சைம் டெஸ்ட் பாக்கலாமா"ன்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து கேளுங்க. மண்ணீரல் வீங்கின வயித்தை எண்ணெய் போட்டு உருவி விடாதீங்க, உள்ளே கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி அஞ்சு வயசுக்கு முன்னாடி பால் பல்லு வேரோட முழுசா விழுந்தா, அது மேல சொன்ன இன்னொரு வியாதிக்கு அடையாளமா இருக்கலாம். பல்லைக் கூரை மேல எறியறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டக் காட்டுங்க. ரத்த ரிப்போர்ட்ல அல்கலைன் பாஸ்படேஸ் அதிகமா இருக்கான்னு மட்டும் பாக்காம, குறைவா இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க.

நோட்டுக் கணக்குப்படி இன்னும் ஆறு தடவைக்கு இருக்கு. அதுக்கப்புறத்துக்கு மனு எழுதிட்டு இருக்கேன். இந்த ரெண்டு மாசம் இங்க எழுதாததுக்கு அதுதான் காரணம். அரசாங்கத் தமிழ்ல எழுத வரமாட்டேங்குது, மூணு தடவை கிழிச்சுப் போட்டாச்சு. அந்த மாதிரி மனு எழுதிப் பழக்கம் உள்ள பதிவர்கள், வழக்கறிஞர் நண்பர்கள் யாராவது இருந்தா சொல்லுங்க, வரைவை அனுப்பறேன்.

அடுத்த ஊசி வியாழக்கிழமை. நேத்து சாயங்காலம் மாப்ள ரெண்டு தோசை கூடக் கேட்டான். அக்கா மூணா ஊத்திச்சு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மருந்து அளவெல்லாம் எங்க பையனுக்கு எழுதினது, யாரும் இதைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. சந்தேகம்னா மரபணு மருத்துவரைப் பாருங்க.